மை பூசிய தொப்புள்

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, "சார், உங்க சர்வீஸ்ல ரொம்பச் சிக்கலான சமயம் எது?" என்பதுதான். கரையான், மழை ஒழுகல், புத்தகத் திருட்டு என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது ஒரு தொப்புள். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறேன். அப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மனமகிழ் மன்றத்து நூலகத்தில் உதவி நூலகனாக இருந்தேன். வேலை தற்காலிகம். அந்த ஊரில் மனிதர்கள் இரண்டே வகை: பெர்மனென்ட் ஆனவர், ஆகாதவர். ஆனவருக்குக் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், மின்விசிறி, தெருவில் ஒரு மரியாதை. ஆகாத நானும் என் மனைவியும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓட்டு அறையில் குடியிருந்தோம். என்னைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லும் ஃபைல், மன்றச் செயலாளரின் மேசையில் அவர் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் படுத்திருந்தது.

செயலாளர் கணக்குப் பிரிவில் அதிகாரி. திருநெல்வேலிச் சீமைக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. நூலகத்தில் மின்விசிறி கெட்டால், எலெக்ட்ரீஷியன் வரும்வரை வாசகர்களோடு தானும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு மேலே இருந்தவர் மூத்த நூலகர், கடலூர்ப் பக்கத்துக்காரர். துப்பறியும் நாவல்களின் கடைசிப் பக்கத்தை எந்தப் புண்ணியவானோ கிழித்துக்கொண்டு போவது எங்கள் நூலகத்தில் வழக்கம். மூத்தவர் அத்தனை நாவல்களின் முடிவையும் மனப்பாடமாக வைத்திருந்தார். புத்தகத்தைத் திருப்ப வருகிறவரிடம், "டிரைவர்தாங்க கொன்னது, நீங்க டாக்டர்னு நெனச்சிகினு இருந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு முடிவைச் சொல்லுவார். அதற்காகவே கிழிந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு.

எங்கள் நூலகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது ஒரு புத்தகத்தில் கண்ணியக் குறைவான சொல் இருப்பதாக உறுப்பினர் யாராவது சொன்னால், அந்தச் சொல்லின்மேல் கறுப்பு மை பூசிவிட்டு மறுபடி அலமாரியில் வைப்போம். அதற்கென்றே ஒரு மைப்புட்டியும் மெல்லிய பிரஷ்ஷும் மேசை இழுப்பறையில் இருக்கும். புத்தகமும் பிழைக்கும், புகாரும் தீரும் என்று நாங்கள் அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் செயலாளர் ஒரு பழைய நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒருத்தியின் கதை. படித்தவர்கள் அதைத் தமிழின் நல்ல நாவல்களில் ஒன்று என்பார்கள். அச்சு நின்று வெகுகாலம் ஆகிவிட்டதால் எங்களிடம் இருந்தது ஒரே பிரதிதான். அவருடைய மனைவி அதை வாங்கிப் போயிருந்தார். பாதி படித்துவிட்டுக் கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்ததை இவர் எடுத்து, திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன வே இது? பொண்டு பிள்ளையெல்லாம் வாங்கிட்டுப் போற எடத்துல இப்படிப் புத்தகமா வச்சிருக்கியரு?"

"எந்தச் சொல்லுங்க சார்?"

அவர் வாயால் சொல்லவில்லை. வயிற்றுக்கு நேரே இருந்த தம் சட்டைப் பொத்தானை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் என் ஃபைல் அவர் மேசையில் இருந்ததே, அதனால் முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டேன்.

"ஒரு எடம் விடாம மையைப் பூசிரும். அப்புறம் தாராளமா வெளிய விடும், எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால் முழுவதும் படித்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. அப்படி உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். மை பூசுவதற்காகவே ஒரு பெரிய நாவலைக் கருத்தாகப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதலில் காவல்காரன் மாதிரி அந்தச் சொல்லை மட்டும் தேடிக்கொண்டு போனேன். பாதி தாண்டியதும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே கதையில் விழுந்துவிட்டேன். இந்த எழுத்தாளர் இந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் தூவவில்லை, ஏதோ ஒரு காரியமாகத்தான் மறுபடி மறுபடி அழைக்கிறார் என்று எனக்குப் பட ஆரம்பித்தது. ஆனாலும் மை பூசினேன். வேலை வேண்டுமே!

மை காய்ந்ததும் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து.

வருடத்தில் நாலு பேர்கூடத் தொடாத புத்தகம் அது. திடீரென்று அதற்கு ஆட்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். மைன்ஸுக்குப் போகும் ஷிஃப்ட் பஸ்ஸில் அது கைமாறியது. மைக்குக் கீழே இருப்பது என்ன சொல் என்று பந்தயம் கட்டினார்கள். அவரவர் மனசுக்கு ஏற்றபடி ஒரு சொல்லைப் போட்டு, அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்துப் பஸ்ஸே குலுங்கச் சிரித்தார்கள். பிரசவம் பார்க்கும் காட்சியில் அவர்கள் என்னென்ன சொற்களைப் போட்டுப் படித்தார்கள் என்பதை இங்கே சொல்ல முடியாது.

இதில் முன்னணியில் நின்றவர் கோவிந்தன். சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தில் ஆபரேட்டர். தொழிலாளர் சார்பில் எங்கள் மன்றக் குழுவிலும் உறுப்பினர். எலுமிச்சைச் சாறு தடவினால் மை போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பக்கத்தில் தடவித் தேய்த்திருக்கிறார். மையோடு தாளும் போய், புத்தகத்துக்கே ஒரு தொப்புள் விழுந்துவிட்டது.

"அதுல என்னாதான் எழுதிகீது, சொல்லுங்க சார்!" என்று என்னிடமே வந்தார்.

"தொப்புள்."

"தொப்புளா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "தோ பாருங்க, எனக்குக் கல்யாணமாயி ரெண்டு புள்ளைங்க கீது. எங்கிட்டச் சொன்னா என்னா?"

"சத்தியமா தொப்புள்தாங்க."

"தொப்புளுக்கு எவனாவது இம்மாம் மை செலவு பண்ணுவானா? வுடுங்க சார், சொல்ல இஷ்டமில்லன்னா வுடுங்க."

எல்லாரும் இப்படித்தான். உண்மையைச் சொன்னால் ஏமாற்றத்தோடு பார்த்தார்கள், பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினார்கள். கொஞ்ச நாளில் ஒரு மொட்டைக் கடுதாசி மேலிடத்துக்குப் போனது. மன்ற நூலகத்தில் படிக்கக் கூசும் ஆபாசப் புத்தகம் குடும்பங்களுக்குள் நடமாடுகிறது, நூலக ஊழியர்கள் அதற்கு உடந்தை என்று. மேலிடம் செயலாளரைக் கேட்டது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் முகமே வாடிப்போயிருந்தது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழு கூடுகிறது. அந்தப் புத்தகம் ஆபாசமானது, அதைப் பார்க்காமல் அலமாரியில் வைத்தது என் தவறு என்று நான் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். புத்தகத்தைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும், என் ஃபைலிலும் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"எழுதலேன்னாங்க சார்?"

"குழு ஆள் யாராவது உம்ம ஃபைலை நிறுத்தி வைக்கணும்னு சொன்னா, நான் என்ன வே செய்யட்டும்?"

மூத்தவரிடம் போய் நின்றேன். "எழுதிக் குடுத்துடு தம்பி. புஸ்தகம் இன்னொன்னு வாங்கிக்கலாம், வேலைக்கு எங்க போவ?" என்றார். அந்தப் புத்தகம் இன்னொன்று கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். என்மேல் இருந்த பிரியத்தில் சொன்னார். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தொப்புளுக்கா இவ்வளவு என்று அவளும் முதலில் நம்பவில்லை. பிறகு, "அந்தப் புத்தகம் நல்லதா கெட்டதாங்க?" என்று கேட்டாள். நல்ல புத்தகம் என்றேன். "அப்புறம் எப்படிங்க கெட்டதுன்னு எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்று என்னைத் தினம் துளைத்தெடுத்தவள் அவள்தான். அவளே இப்படிக் கேட்டபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆனால் நல்ல புத்தகம் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பூசிய மையே எனக்கு எதிர்ச்சாட்சி. அப்போதுதான் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பிரசவ வார்டில் மூத்த நர்ஸ், மன்றக் குழுவில் பெண்கள் சார்பாக இருந்தவர். மை பூசிய புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது, "இந்தப் புக்கு எங்க ஊரு மேல்பட்டாம்பாக்கத்துல எங்க வூட்லயே கீது. எத மறைச்சிகீறீங்கன்னு எனக்குத் தெரியுமே!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர். ஓடிப்போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பிரதியைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"கொண்டாரேன். ஆனா நீங்கதான் எழுந்து படிக்கணும். வாயில வெல்லத்தைப் போட்டுகினு முழுங்கக் கூடாது, தெரியுதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. செயலாளர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுந்து நின்று சொன்னேன்: "ஐயா, கழிச்சுக் கட்டுறதுக்கு முன்னால அந்தச் சொல் வர்ற இடத்தையெல்லாம் ஒரு தரம் வரிசையாப் படிச்சுக் காட்டிடுறேன். கேட்டப்புறமும் இது கெட்ட புத்தகம்னு குழு சொன்னா எழுதித் தர்றேன்."

செயலாளர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கோவிந்தன், "படிங்க, படிங்க!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் காத்திருந்தவர் அல்லவா? சிஸ்டர் பையிலிருந்து தம் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எங்கள் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, மை இருந்த இடத்தையெல்லாம் காட்டிக்கொண்டே சிஸ்டரின் புத்தகத்திலிருந்து படித்தேன். முதல் பக்கத்தில் மருத்துவச்சி, பிறந்த சிசுவின் தொப்புளில் நூல் கட்டுகிறாள். கட்டி முடிக்கும்வரை குழந்தை ஆணா பெண்ணா என்று ஆசிரியர் சொல்லவில்லை. சிஸ்டர், "நாங்களும் அப்பிடித்தான். மொதல்ல கட்டு, அப்புறந்தான் சேதி," என்றார். அடுத்து வெயிலில் உழுதுவிட்டு வந்த புருஷனுக்குச் சூடு தணிய, தொப்புளில் மருத்துவச்சி விளக்கெண்ணெய் வைக்கிறாள். அன்று காலையில்தான் அதே வைத்தியம் செய்துகொண்டு வந்ததாக ஒரு உறுப்பினர் சொன்னார். அடுத்தது வெள்ளம். தண்ணீர் எவ்வளவு என்று கரையில் நிற்பவர்கள் கேட்க, வெவ்வேறு இடத்தில் நிற்கும் நெட்டையனும் குட்டையனும் தொப்புள் மட்டம் என்றே சொல்கிறார்கள், யார் தொப்புள் என்றுதான் கரைக்குப் புரியவில்லை. கோவிந்தன் சிரித்துவிட்டார். ஊர்ப் பணக்காரரின் தொந்தியில் சந்தனம் பூசும் வேலைக்காரனின் விரல் தொப்புளுக்குள் காணாமல் போகும் இடத்தில் மொத்தக் குழுவும் சிரித்தது. பிதுங்கிய தொப்புளோடு இருக்கும் குழந்தைக்குக் காசு வைத்துக் கட்டுவதா வேண்டாமா என்று இரண்டு சம்பந்தி வீடுகள் சண்டை போடும் இடம் வந்தபோது, கட்டலாமா கூடாதா என்று குழுவிலேயே சண்டை வந்துவிட்டது. சிஸ்டர், "கட்டவே கூடாது!" என்று அதட்டி அடக்கினார்.

அப்புறம் ஒரு பக்கம் வந்தது. ஜமீன்தார் குதிரைமேல் போகிறார். ஆற்றில் ஒரு பெண் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறாள். அவள் தொப்புளைக் கண்டு மயங்கியதாக ஜமீன்தார் தம் சிநேகிதரிடம் சொல்லிப் பூரித்துப் போகிறார். ஆனால் அந்தப் பெண் மார்பிலிருந்து கணுக்கால்வரை முரட்டுச் சேலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள் என்று ஆசிரியர் அடுத்த வரியில் எழுதுகிறார். அவர் கண்டது என்ன என்பது குதிரைக்குத்தான் தெரியும் என்று போகிற போக்கில் ஒரு குத்து.

சிஸ்டர் தலையைக் குனிந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். நான் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கடைசிப் பகுதியில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு வருகிறது. ஊரைக் காலி செய்கிறார்கள். எல்லாரும் பானை சட்டிகளை வண்டியில் ஏற்றும்போது மருத்துவச்சி மட்டும் கரையில் நிற்கிறாள். அந்த ஊரில் அவள் நறுக்கிப் புதைத்த தொப்புள்கொடிகள் அத்தனையும் அந்தக் கரையில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் யாருடையது என்று பெயர் சொல்லிக்கொண்டே நிற்கிறாள். ஆறு அதையெல்லாம் கொண்டுபோகிறது.

கோவிந்தன்தான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊரு கம்மாபுரத்துக்கு இந்தாண்ட இருந்திச்சிங்க. இப்ப மைன்ஸுக்குள்ள பூடுச்சி. எங்க வூட்டுக்குப் பின்னால எருக்குழியாண்டதான் என் கொடியப் பொதைச்சாங்களாம், அம்மா சொல்லிகினே இருக்கும். அந்தப் பக்கத்து மண்ண மெஷினு வாரிகினு போயி மேட்டுல கொட்டிடுச்சி. மெஷின் ஓட்டனவங்கள்ல நானும் ஒருத்தன்." அவர் சிரித்தார். "டவுன்ஷிப்புக்குப் புதுசா வர்றவங்க அந்த மண்மேட்டப் பாத்து மலைன்னு சொல்லிகினு போறாங்க. சில பேரு அத்தப் பின்னால வச்சிகினு போட்டோ புடிச்சிகிறாங்க. என் தொப்புள்கொடி அதுல எங்கியோ கீதுன்னு அவங்களுக்கு என்னா தெரியும்?"

நாங்களும் சிரித்தோம். ஆனால் சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

"இதுக்குப் போயி எலுமிச்சம்பழத்தத் தேய்ச்சனே," என்றார் கோவிந்தன். "சார், இத்தக் கழிச்சிக் கட்ட நான் ஒத்துக்க மாட்டேன்."

சிஸ்டரும் அதையே சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். செயலாளர் வெள்ளைத் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, கூட்டம் முடிஞ்சுது," என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. புத்தகம் பிழைத்தது. என் ஃபைல் பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் அவர் முகத்தைச் சிவக்க வைத்துவிட்டோமே என்று அந்த நாள் முழுவதும் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யாராவது ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, "இது தப்பு" என்பார்கள். கவுண்டரில் நின்றபடியே சரி என்றோ இல்லை என்றோ சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் புத்தகத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது, யார் வாயில் வருகிறது, யார் கையில் படுகிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும். மைப்புட்டியை மட்டும் நூலகத்துக்குள் விடாதீர்கள். அது மறைத்ததைவிட ஊருக்குக் காட்டிக்கொடுத்ததுதான் அதிகம்.

மறுநாள் காலை நூலகத்தைத் திறக்கும்போதே செயலாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்து, எங்கள் பிரதியையும் சிஸ்டர் முந்தின நாள் என்னிடம் விட்டுப்போயிருந்த பிரதியையும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிஸ்டரின் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, எங்கள் புத்தகத்தில் மை பூசிய வரிக்கு நேரே ஓரத்தில் மறைந்துபோன சொல்லைத் தம் கணக்குப் புத்தகக் கையெழுத்தில் அழகாக எழுத ஆரம்பித்தார். நான் எழுதுகிறேன் என்றதற்கு விடவில்லை. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு அந்தப் பத்தியையும் படித்தார். நடுவில் ஒரு தரம் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஜமீன்தார் வரும் பக்கத்தில் பேனா நின்றது.

"அன்னைக்குக் கட்டில்ல கவுந்து கெடந்தது இந்தப் பக்கம்தான் வே," என்றார். "இதைத்தான் நான் பாத்தேன். இதுலயும் பாதியத்தான் பாத்தேன்."

மை பூசிய வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஒரு எடத்துல எழுத வேண்டாம். மை அப்படியே இருக்கட்டும். படிக்கியவன் கேட்டா, செயலாளர் ஞாபகமா வச்சிருக்கோம்னு சொல்லும்."

"அய்யோ சார், அப்படியெல்லாம்…"

"சொல்லும் வே, தப்பில்ல." பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். "உம்ம ஃபைலையும் மேல் தாளை மட்டும் பாத்துட்டு வச்சிருக்கேன் போலிருக்கு. எடுத்துட்டு வாரும். முழுசாப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், சொல்லிட்டேன்."

கணக்கு அதிகாரி அல்லவா, சொன்னபடியே ஒரு தாள் விடாமல் படித்தார். என் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு தரம் முகத்தைச் சுளித்தார். நான் எதிரில் நின்று வியர்வையில் நனைந்துகொண்டிருந்தேன். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு ஃபைலை என் பக்கம் திருப்பினார். அன்று சாயங்காலம் வடக்குத்துக்கு நடந்து போனேனா ஓடிப் போனேனா என்பது எனக்கு நினைவில்லை. வீட்டு வாசலிலேயே நின்று, "பெர்மனென்ட்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதும், அதைப் பிடிக்க நானும் என் மனைவியும் சிரித்துக்கொண்டே தெருவெல்லாம் ஓடியதும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.